சுட்டவன் வீட்டு சூப்பு

மெல்பேர்னில் என்னைத் தெரியாத தமிழன் இருந்தால் அவன் நேற்றுத்தான் விமானத்தால் இறங்கியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ட்ருகனினா புறநகரில் ஒரு தெருவில் கண்டெய்னர் இறக்கும் ஆளாகத் தொடங்கி, இன்று அதே தெருவில் என் சொந்தக் கண்டெய்னர் யார்ட்டை நடத்துகிறேன். படித்தவர்களை நான் லேசில் மெச்சுவதில்லை. இருந்தும் ஒரு படித்த பெண்ணை மெச்சி எழுதத்தான் இதைத் தொடங்கினேன். அவர் எங்களுக்கு எதிராக வழக்காடியவர்.

என் தம்பியின் மகன், எனக்குப் பெறாமகன், வங்கிப் பணம் கொண்டு போகும் வான் வண்டியில் துப்பாக்கிக் காவலாளி. துப்பாக்கிக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவன், இங்கே அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை செய்தான். ஒரு காலை, கடைத்தொகுதியின் பின்பக்கத்தில், பெரிய வெட்டுக்கத்தியோடு ஒரு இளைஞன் அவன்மேல் பாய்ந்தான். இவன் சுட்டான். ஒரே வெடி. தொடை எலும்பு உடைந்தது.

தற்காப்புத்தானே என்று நாங்கள் நினைத்தோம். பொலிஸ் அப்படி நினைக்கவில்லை. குண்டு பக்கவாட்டில் பட்டிருக்கிறது, ஆகவே அந்த இளைஞன் திரும்பி ஓடும்போதுதான் சுட்டிருக்கிறான் என்று வழக்குப் பதிந்து பெறாமகனை அடைத்தார்கள். அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

அமெரிக்காவிலிருந்து என் மச்சான் போன் எடுத்தான்.

"எங்கட பக்கம் எண்டால் கிராண்ட் ஜூரி எண்டு ஊர்ச்சனத்தில கொஞ்சப் பேரை இருத்தி, வழக்கு வைக்கலாமோ எண்டு கேப்பினம். அங்க ஆரடா முடிவெடுக்கிறது?"

"அப்பிடியொண்டும் இஞ்ச இல்லை. அரச வழக்கறிஞர்தான். ஒரு பொம்பிளை."

"ஒரு ஆளோ? அப்ப பெடியன் முடிஞ்சான்."

"நீ போனை வை. நான் இருக்கிறன்."

பிணை கேட்ட நாள் நீதிமன்றத்தில் முன்வரிசையில் இருந்தேன். அரச வழக்கறிஞர் எழும்பினார். மெலிந்த பெண், நரை தொடங்கிய தலை, கையில் தடித்த ஃபைல். குற்றச்சாட்டுப் பாரதூரமானது என்று தொடங்கினார். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அதே குரலில், "இவர் ஓடவில்லை. தன் சட்டையைக் கழற்றி அந்த இளைஞனின் காயத்தை அம்புலன்ஸ் வரும்வரை அழுத்திப் பிடித்திருக்கிறார். இதையும் நீதிமன்றத்துக்குச் சொல்வது என் கடமை" என்றார். எங்கள் லோயர் அதைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே எதிர்த்தரப்பு சொல்லிவிட்டது! என் வாழ்நாளில் எத்தனையோ பேரோடு பேரம் பேசியிருக்கிறேன், எதிராளிக்குச் சாதகமானதைத் தானாக எடுத்து மேசையில் வைத்த ஒருவரை அன்றுதான் கண்டேன்.

நீதவான் பிணை கொடுத்தார். ஆள் ஓடமாட்டான் என்று என் வீட்டை ஈடு வைத்துப் பிணை நின்றது நான்தான். நிற்க வேறு யாருக்குத் துணிவு வரும்? நீதவான் ஒரு கட்டளையும் போட்டார்: காயப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரிலோ வேறு ஆள் மூலமோ அணுகக் கூடாது. மீறினால் திரும்ப உள்ளே.

மீறியது மருமகள்.

வயிற்றுப் பிள்ளையைக் காட்ட அவள் போன ஆஸ்பத்திரியில்தான் அந்த இளைஞனும் கிடந்தான். எங்கள் ஆட்களுக்கு ஒரு வருத்தக்காரர் நோயில் கிடக்கும் கட்டிடத்துக்குள் போய்விட்டுப் பாராமல் வரத் தெரியாது. அது ஆரெண்டாலும் சரி. ஒரு பிளாஸ்க்கில் சூப்பும் ஒரு பை தோடம்பழமும் கொண்டு மேல்மாடி ஏறி, அவன் தாயிடம் தான் யாரென்றும் சொல்லி, "சொறி" என்றும் சொல்லி வந்திருக்கிறாள். நேர்ஸ் மேலிடத்துக்குச் சொல்ல, பொலிஸ் அதைப் பிடித்துக்கொண்டது. சாட்சியைக் கலைக்க மனைவியை அனுப்பியிருக்கிறான், பிணையை இரத்து செய்ய வேண்டும் என்றது.

நீதிமன்றத்துக்குக் காரில் போகும்போது நான் வெடித்தேன்.

"கோட்டுச் சொன்னது விளங்கேல்லையோ பிள்ளை?"

"அவரைத்தானே மாமா போக வேண்டாம் எண்டவை. என்னை இல்லையே."

"வேற ஆள் மூலமும் கூடாதெண்டு சொன்னது ஆரைக் குறிச்சு? என்னையோ?"

"அவர் என்னை அனுப்பேல்லை. அவருக்குத் தெரியவும் தெரியாது. அந்தப் பிள்ளையும் ஒரு தாய் பெத்ததுதானே."

"சூப்பில என்ன போட்டனீ?"

"ஆட்டெலும்பு."

"எனக்கு ஒரு நாளும் ஆட்டெலும்பில வைச்சுத் தரேல்லை."

பின்சீட்டில் பெறாமகன் சிரித்தான். பிடிபட்ட நாளுக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அடுத்த நிமிடம், "பெரியப்பா, பிள்ளை பிறக்கேக்க நான் உள்ளுக்க இருப்பனோ?" என்றான். நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

நீதிமன்றத்தில் அதே பெண் எழும்பினார். பொலிஸ் சொன்னதை வாசித்தார். பிறகு இன்னொரு கடதாசி எடுத்தார். இரத்து கேட்கும் முன் அந்தத் தாயிடம் வாக்குமூலம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். "அந்தப் பெண் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மகன் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தான். அந்த சூப்பைக் குடித்தான்" என்று தாய் சொல்லியிருந்தார். கணவன் அனுப்பியதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே இரத்து செய்யும்படி தான் கேட்கவில்லை என்று சொல்லி வழக்கறிஞர் உட்கார்ந்தார். நீதவான் மருமகளைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, இனி யாருக்கும் சூப் கொண்டு போக வேண்டாம் என்று எச்சரித்து அனுப்பினார்.

சில நாள் கழித்து அந்தக் கடைத்தொகுதிக்குச் சாமான் வாங்கப் போனேன். பின்பக்கத்தில் அதே பெண் நின்றார். அன்று வான் வண்டி நின்ற இடத்துக்கும் சுவருக்கும் இடையிலான ஒடுக்கத்தைத் தரையில் சோக்கால் கீறி, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பெறாமகன் நின்ற இடத்தில் நின்றார். கூட வந்தவர் ஒரு குடையைக் கத்தி மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தார், திரும்பினார், திரும்பவும் வந்தார். எனக்கு ஓடிப்போய்க் கதைக்க வாய் துடித்தது. சூப்புக் கதை நினைவு வர ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். அந்த ஒடுக்கத்தில் வெளியே போக ஒரு வழிதான் உண்டு, அது அவரை உரசிக்கொண்டுதான் போகிறது. திரும்புகிறவன் பக்கவாட்டைக் காட்டினாலும் விலகிப் போகவில்லை, கத்தியோடு கிட்ட வருகிறான். படிக்காத எனக்கே தூணுக்குப் பின்னாலிருந்து அது விளங்கியது. அவர் மூன்றாம் தரம் நின்று பார்த்துவிட்டுக் குடையை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பிள்ளை பிறந்தபோது பெறாமகன் மனைவியின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றான். பெண் பிள்ளை. முப்பத்தோராம் நாள், தீட்டுப் போக்கும் துடக்குக் கழிவுக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் லோயர் போன் எடுத்தார். குற்றத்தை நிரூபிக்க முடியும் என்று நம்ப நியாயமில்லை, அரச தரப்பு வழக்கைக் கைவிடுகிறது. மச்சானுக்கு உடனே போன் எடுத்துச் சொன்னேன்: "ஒரு ஆள் காணுமடா. ஆள் சரியா இருந்தால் அதுவே போதும்."

திரும்பிப் பார்த்தால் மருமகள் ஒரு பெட்டியில் பயித்தம்பணியாரம் அடுக்குகிறாள்.

"இது ஆருக்கு?"

"அந்த வழக்கறிஞர் அம்மாவுக்கு, மாமா. வழக்குத்தான் முடிஞ்சுதே."

"அவ ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டா, பிள்ளை. அதாலதான் உன்ர மனிசன் வீட்டில நிக்கிறான்."

பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். நல்ல பதம்.