சந்தனம் பட்ட அட்டைகள்

காஜா பெராங் தெருவில் குடியிருந்த தேவதாசுக்கு ஈரக்கை என்றாலே பற்றிக்கொண்டு வரும். மலாக்காவில் ஒரு ரப்பர் கம்பெனி ஆப்பீசில், துளையிட்ட அட்டைகள் இருந்த அறைக்கு எட்டு வருஷமாக அவர்தான் பொறுப்பு. எந்த ரப்பர் காட்டில் எப்போது கன்று நட்டார்கள், எத்தனை மரம், போன மாதம் எவ்வளவு பால், எல்லாம் அந்த அட்டைகளில் குட்டிக் குட்டித் துளைகளாக இருந்தன. மொத்தம் பதினெட்டாயிரம் அட்டை. கொஞ்சம் ஈரம் பட்டாலும் அட்டை உப்பிவிடும். பிரித்து அடுக்கும் இயந்திரம் அதை மென்று துப்பிவிடும்.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்து ஆறாவது வருஷம், கம்பெனி எல்லாவற்றையும் சிங்கப்பூரில் காந்த நாடாவில் ஏற்றப்போவதாகச் செய்தி வந்தது. பதினெட்டாயிரம் அட்டையும் ஒரே சுருளில் அடங்கிவிடுமாம். தேவதாஸ் அதைப் பற்றிய சிறு புத்தகத்தைக் கிழியக் கிழியப் படித்தார். அட்டையென்றால் வேண்டியதை உருவி எடுக்கலாம். நாடாவை முதலிலிருந்து ஓட்டித்தான் தேட வேண்டும். மொத்தக் கணக்கெடுப்புக்கு அது வாகு. அவசரத்துக்கு ஒன்றை மட்டும் எடுக்கச் சுழலும் தட்டு என்று ஒன்றும் இருந்தது. ஆறு மாதப் பயிற்சிக்கு ஒருவரைச் சிங்கப்பூருக்கு அனுப்புவார்கள். “நீதான்யா போற,” என்று ஆப்பீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி மாணிக்கவாசகம் வாக்குக் கொடுத்திருந்தார். மனைவி சிவகாமசுந்தரி தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

சிங்கப்பூர் துரை அட்டைகளைப் பார்க்க வருவதற்கு மூன்று நாள் முன்பு சரஸ்வதி பூஜை வந்து தொலைத்தது. மறுநாள் காலை முதல் இழுப்பறை அட்டைகளை வைத்ததுமே இயந்திரம் கடமுடவென்று நின்றது. தேவதாஸ் மற்ற இழுப்பறைகளைத் திறந்தார். நாற்பது இழுப்பறையிலும் மேலே இருந்த அட்டையில் சந்தனமும் குங்குமமும். ஈரம் இறங்கி, பத்துப் பத்து அட்டையாக ஒட்டிக் கிடந்தன.

“யாரு வச்சது இத?”

“நாந்தாண்ணே,” என்றாள் அட்டையில் துளை போடும் சாரதாம்பாள்.

“மெசினுக்கு மட்டும் வையின்னுதானே சொன்னேன்?”

“மெசினு வெறும் இரும்பு. படிப்பு பூரா அட்டையிலதானே இருக்கு? புஸ்தகத்துக்கு வைக்கிறோம், இதுக்கு வைக்காம எப்படிலா?”

அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அதுவே ஆத்திரத்தை இரட்டிப்பாக்கியது.

இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தார். மெல்லிய தகட்டால் நெம்பி, ஒட்டியதைப் பிரித்து, கிழிந்ததைப் பொருத்தி, வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைக் கண்ணாலேயே படித்துச் சொன்னார். சாரதாம்பாள் புது அட்டையில் துளை போட்டுக்கொண்டே போனாள். நானூற்றுப் பன்னிரண்டு அட்டை. வாய்க்கு வந்தபடி திட்டினாரே தவிர, யார் செய்தது என்று மாணிக்கவாசகத்திடம் மூச்சு விடவில்லை.

துரை வந்து ஓட்டிப் பார்த்தபோது ஒரு அட்டைகூடச் சிக்கவில்லை. மாணிக்கவாசகத்துக்குத் தலைகால் புரியவில்லை. அட்டை நனைந்ததையும் இருவரும் அதைச் சரிசெய்ததையும் துரையிடம் பெருமையாக அளந்துவிட்டார்.

மறுநாள் தேவதாசைக் கூப்பிட்டார். “துரைக்கு ஒன்மேல ரொம்ப சந்தோசம்யா. கிழிஞ்ச அட்டையக்கூட படிக்கிற ஆளு வேற எங்க கெடைப்பான்னு கேக்குறாரு. நாடாவுல ஏதாச்சும் கோளாறானா அட்டைதானே கைகொடுக்கணும்? நீ இங்கயே இருந்து பாத்துக்கணுமாம்.”

“அப்ப சிங்கப்பூருக்கு?”

“சாரதாம்பாள் போவுது. ரெண்டு நாள்ல நானூறு அட்டை, ஒரு தப்பு இல்ல. கைய பாத்தியா அதுக்கு!”

அட்டையைக் கெடுத்தவளுக்குக் சிங்கப்பூர் போகும் யோகம், காப்பாற்றியவனுக்கு அதே அறை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தேவதாசுக்கு நாக்கு துடித்தது. இத்தனை நாள் கழித்துச் சொன்னால் பொறாமை என்பார்கள். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே சிவகாமசுந்தரி, “எந்தத் தேதி கெளம்புறீங்க?” என்று கேட்டாள்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“வேலைய நல்லா செஞ்சிட்டேன் சுந்தரி. அதனால அனுப்ப மாட்டாங்களாம்.”