வாடைக்கு மதிப்பெண் இட்டவர்

நான் வடிவமைத்த வால்வு வேலை செய்வதை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. அது பொருத்தப்பட்டிருந்தது சிங்கப்பூரில் தேக்காவை ஒட்டிய ஒரு பழைய கடைத்தொகுதியின் ஆண்கள் கழிப்பறையில். கடைகள் திறக்குமுன், வாசலில் மஞ்சள் பலகையை வைத்துவிட்டு உள்ளே போய் ஆறு வால்வுகளையும் நானே பொருத்தினேன். அதோடு சரி. ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் என் இடம்.

தண்ணீர் இல்லாமல் இயங்கும் யூரினல்கள் அவை. தண்ணீர் ஓடாததால், கீழே இருக்கும் குழாயின் வாடை மேலே வராமல் தடுப்பது வடிகால் வாயில் இருக்கும் ஒரு சிறு வால்வு மட்டும்தான். சிலிக்கோன் ரப்பரில் செய்தது. வாத்தின் அலகு போல இரண்டு மெல்லிய உதடுகள். சிறுநீர் விழும்போது அதன் எடையில் திறக்க வேண்டும். நின்றதும் மூடிக்கொள்ள வேண்டும். ரப்பர் மென்மையாக இருந்தால் எளிதில் திறக்கும், சரியாக மூடாது. கடினமாக இருந்தால் நன்றாக மூடும், ஆனால் கடைசிச் சொட்டுகள் மேலேயே தங்கி உப்பாகப் படியும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தடிமனைத் தேடி எனக்கு ஒன்றரை ஆண்டு போயிருந்தது.

ஆங் மோ கியோவில் எங்கள் அலுவலகத்தில் செயற்கைச் சிறுநீரை ஊற்றிச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. உண்மையான கூட்டம் வந்துபோகும் இடத்தில் பத்து வாரம் தாங்குமா என்பதுதான் கேள்வி. தாங்கினால் மொத்தமாகத் தயாரிக்க அச்சு செய்யக் கொடுப்பார்கள். தாங்காவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

வாடையை அளக்க ஒரு மீட்டரும் இருந்தது. ஆனால் மீட்டர் எண் காட்டத் தொடங்குவதற்கு முன்பே மனிதர்கள் முகம் சுளித்துவிடுவார்கள். எனவே எனக்கு ஒரு மூக்கு தேவைப்பட்டது. ஓர் ஆணின் மூக்கு; வாரம் இரண்டு முறை, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த கையோடு உள்ளே போய் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பூஜ்யம் (வாடையே இல்லை) முதல் ஐந்து வரை மதிப்பெண் தரக்கூடியவர். கட்டடத்தின் பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தவர்களைக் கேட்டேன்.

"வேற வேலை இல்லையா மேடம்? ஒரு மூக்கு மெஷின் வாங்குங்க லா," என்றார் ஒருவர். இன்னொருவர் சிரித்தபடியே போய்விட்டார். மூன்றாமவர், மனைவிக்குத் தெரிந்தால் வீட்டுக்குள் விடமாட்டாள் என்றார். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏணிமேல் விளக்கு மாற்றிக்கொண்டிருந்த நான்காமவர் கீழே பார்க்காமலே, "நான் பாக்குறேன் மேடம், குடுங்க," என்றார்.

அவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்து ஆறு வருடமாகியிருந்தது. அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அவரை 'அண்ணே' என்றுதான் அழைத்தார்கள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். நானும் முதல் நாளே அப்படி அழைத்திருக்க வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு யோசிக்காமல் வாயில் வரும் சொல் அது. எனக்கு வரவில்லை. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வேண்டுமென்றே தவிர்த்தேன். பெயரும் சொல்லாமல் முறையும் சொல்லாமல் ஒருவரிடம் வெறும் 'நீங்க'வை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பேசுவது எளிதல்ல. ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதிப்பெண்களைக் குரல்செய்தியாக அனுப்புவார். "யூனிட் ஒண்ணு... சைபர். யூனிட் ரெண்டு... சைபர். யூனிட் மூணு... ஒண்ணு." பின்னணியில் கை உலர்த்தும் இயந்திரம் இரையும், யாரோ தொலைபேசியில் கடன் அட்டையைப் பற்றிச் சண்டை போடுவார். ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் ஓர் இடைவெளி. அந்த நேரத்தில் அவர் குனிந்து, கண்ணை மூடி, கவனமாக முகர்ந்து பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். என் வேலையை வேறு யாரும் அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமைகளில் கழற்றிய வால்வுகளை வாங்கிக்கொள்ள நானே போவேன். பையைக் கொடுத்துவிட்டு எதிரே இருந்த காப்பிக் கடையில் இருபது நிமிடம் உட்காருவோம். அவர் எப்போதும் தே ஹாலியாதான் சொல்வார், இஞ்சி கூடுதலாகப் போட்டு. ஆறாம் வார முடிவில் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இவை:

1. கறுப்புப் பேனாவில் மட்டும் எழுதுவார்.
2. தேநீரின் அடியில் கிடக்கும் இஞ்சியைக் கடைசியில் மென்று தின்பார்.
3. ஓர் அறையில் எட்டுப் பேரில் ஒருவராகத் தங்கியிருக்கிறார். அதில் இருவர் குறட்டை.
4. சட்டையில் எப்போதும் சவர்க்கார மணம், மதியம் மூன்று மணிக்கும்கூட.
5. திருமணம் ஆகவில்லை. (நான் கேட்கவில்லை. துப்புரவு அக்கா சொன்னது.)

துப்புரவு அக்கா அந்தக் கழிப்பறையைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்பவர். ஆண்கள் உள்ளே இருந்தாலும் வாளியோடு நுழைந்துவிடுவார். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க டாய்லெட்டுக்குப் பொம்பளப் புள்ள எஞ்சினியரா? நல்லா இருக்கு லா," என்றார். நான் பதிலுக்குச் சிரித்தேனே தவிர அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மதிப்பெண் தர ஓர் ஆண் வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். எல்லா நேரமும் உள்ளே போய்வரும் ஒரு பெண் எதிரிலேயே நிற்கிறார் என்பது என் கண்ணில் படவில்லை.

ஏழாம் வார வியாழக்கிழமை மதிப்பெண் இடுபவர் நான்காவது யூனிட்டின் வால்வைக் கழற்றிக்கொண்டு வந்தார். யாரோ மிச்சத் தே தாரிக்கை, பால் தேநீரை, யூரினலில் ஊற்றியிருக்கிறார்கள். பால் உதடுகளில் ஒட்டிக் கெட்டு, அதன்மேல் உப்பும் படிந்திருந்தது. கழிப்பறை வாசலில் நின்று பையைத் திறந்தேன். தலை ஓரடி பின்னால் போய்விட்டது. கண்ணில் நீர் வந்தது. அவர் அதே பையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "ஒதட்டுல ஓரமா ஒரு கீறல் இருக்கு பாருங்க மேடம்," என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார். மூச்சைக்கூடப் பிடிக்கவில்லை.

"இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்றேன்.

அவர் பார்வை என் தோளுக்குப் பின்னால் போனது. திரும்பினேன். துப்புரவு அக்கா துடைப்பான் கம்பில் கையை ஊன்றி, நான்கு விரல்களை நீட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் கையை மெதுவாக இறக்கி, விரல்களால் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"போச்சுடா," என்றார் அக்கா.

காப்பிக் கடையில் தே ஹாலியாவை முன்னால் வைத்துக்கொண்டு அவர் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலில் மூக்கு போய்விட்டது. மற்றதெல்லாம் திரும்பியது, மணம் மட்டும் திரும்பவில்லை. எதைத் தின்றாலும் ஒன்றுபோல இருக்கும். இஞ்சி மட்டும் எரியும், அதனால் பிடிக்கும். மதிப்பெண்களை அக்காதான் விரலில் காட்டுவார்.

"அப்ப ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"மூணு பேரு முடியாதுன்னுட்டாங்க. நீங்க அந்த லிஸ்டைப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க." அடியில் கிடந்த இஞ்சியைக் கரண்டியால் கிளறியபடி, "ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும்னு நினைச்சேன் மேடம்," என்றார்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கா, வாசனை தெரியாம?"

"எட்டு பேரு இருக்கிற ரூம்ல அது நல்லதுதான்." சிரித்தார். "சட்டை துவைச்சதா இல்லையான்னுதான் தெரியாது. அதனால தினம் துவைச்சிருவேன். வேர்வை நாறினா நீங்க சொல்லுவீங்களா? சொல்ல மாட்டீங்க."

உங்கள் சட்டையில் சவர்க்கார மணம்தான் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். அவர் தானாகத் தெரிந்துகொள்ள முடியாத, நான் மட்டும் சொல்லக்கூடிய ஒன்று. அதற்கான வாக்கியத்தை மனதுக்குள் அமைத்தேன். அது ஒரு பொறியாளர் சொல்லும் வாக்கியமாக இல்லை. விட்டுவிட்டேன்.

அன்று ரயிலில் வழிகளை எழுதிப் பார்த்தேன். ஒன்று: எதுவும் சொல்லாமல் விடுவது. மதிப்பெண்கள் அக்காவுடையவை, சரியானவை, யாருக்கும் நட்டமில்லை. எனக்கு மேலும் மூன்று வியாழக்கிழமைகள் கிடைக்கும். இரண்டு: வேறு காரணம் சொல்லி ஆளை மாற்றுவது. மூன்று: உள்ளதை எழுதுவது. முதலாவதன் அருகில் பேனாவை நெடுநேரம் வைத்திருந்தேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடப்போவது நான். அந்த வால்வை நம்பி ஆயிரக்கணக்கில் வாங்கப்போகிறவர்கள் யாரும் வியாழக்கிழமைகளைப் பற்றிக் கேட்கப் போவதில்லை.

மறுநாள் அவரைக் கூப்பிட்டு, உள்ளதை எழுதப்போவதாகச் சொன்னேன்.

"எழுதித்தான் ஆகணுமா?"

"ஆமா."

"சரி, எழுதுங்க. ஆனா நான் சொன்ன நம்பர் எதுவும் பொய் இல்ல. அதையும் எழுதுங்க மேடம்."

எழுதினேன். 'பதிவாளர் வாடையைத் தாமே உணரவில்லை; துப்புரவுப் பணியாளரின் மதிப்பீட்டைப் பதிவு செய்தார்.' எங்கள் மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டு, கோபப்படாமல், அக்காவின் மூக்கைச் சோதிக்கச் சொன்னார். ஆறு புட்டிகளில் வாடைக் கரைசலை ஆறு அளவில் கலந்து, எண் மட்டும் ஒட்டிக் கொண்டுபோனேன். "என்னம்மா, இந்த வயசுல எனக்குப் பரீட்சையா?" என்று அலுத்துக்கொண்டே அக்கா ஆறையும் சரியான வரிசையில் அடுக்கினார். இரண்டாம் முறையும் அதே வரிசை. சோதனையை நான்கு வாரம் நீட்டித்து, இனி அக்காவே நேரடியாகச் சொல்லட்டும் என்று மேலாளர் முடிவு செய்தார். அது சரியான முடிவு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது ஒன்று. இதுவரை எண்களைச் சொன்னவர் சோதனைக்கு இனித் தேவையில்லை என்று ஒப்பந்தக்காரருக்கு ஒரு கடிதம் போனது. அவர்களுக்குத் தீவின் வடகோடியில், மார்சிலிங்கில், ஓர் ஆள் குறைவாக இருந்தது. அது தண்டனை இல்லை. அட்டவணையில் ஒரு கட்டத்திலிருந்து எடுத்த பெயரை இன்னொரு கட்டத்தில் நிரப்பினார்கள், அவ்வளவுதான்.

கடைசி நாள் வாசலில் எழுதும் அட்டையையும் பேனாவையும் திருப்பித் தந்தார். நான் நன்றி சொன்னேன். அக்காவின் வரிசை சரியாக இருந்ததைச் சொன்னேன். அவர் தந்த எண்கள் எதையும் மேலாளர் நீக்கவில்லை, ஒரு குறிப்போடு அப்படியே வைத்திருக்கிறார் என்றும் சொன்னேன்.

"மார்சிலிங் ஒண்ணும் தூரமில்ல மேடம்," என்றார். "ட்ரெயின் இருக்கு."

"ஆமா, இருக்கு," என்றேன்.

அது வெறும் தகவலா, அழைப்பா? அந்த நிமிடம் நான் அதைத் தகவலாக எடுத்துக்கொண்டேன். என்னிடம் வரும் எல்லாவற்றையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு அக்காவின் குரல்செய்திகள் வந்தன. அக்காவைப் போல யாரும் தகவல் தந்ததில்லை. "நாலாவது சுத்தமா வாடை இல்ல. அஞ்சாவதுல எவனோ சிகரெட் துண்டு போட்டிருக்கான், கையில கிடைச்சான்னா செத்தான். திங்கக்கிழமைதான்மா மோசமா இருக்கும், ஞாயித்துக்கிழமை கூட்டம்ல." திங்கள் வாடையை வைத்துத்தான் உதடுகளின் உட்புறத்தைச் சற்று வளைவாக மாற்றினேன். மாற்றிய வால்வு தாங்கியது. அச்சுக்குக் கொடுத்தார்கள். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். என்ன வடிவத்தில் வெட்டலாம் என்று இருந்த எல்லா நகைச்சுவைகளும் சொல்லப்பட்டன. நானும் சிரித்தேன்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ரயிலில், செவ்வாய்க்கிழமைகளில் அவர் அனுப்பிய பழைய குரல்செய்திகளைக் கேட்டேன். அவற்றில் எண்களைத் தவிர வேறெதுவும் இல்லை. எனக்கென்று ஒரு சொல், நலமா என்ற கேள்வி, ஒன்றுமில்லை. யூனிட் நாலு... ரெண்டு. அந்த இடைவெளியில் அவர் முகர்ந்துகொண்டிருக்கவில்லை; ஓர் அக்காவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தெரிந்த பிறகும் எனக்கு அந்த இடைவெளிதான் வேண்டியிருந்தது. மூக்கு இல்லாத ஒருவர், நான் பட்டியலோடு நின்ற காரணத்துக்காக, ஏழு வாரம் ஆறு யூரினல்களின் முன்னால் நின்றிருக்கிறார். இதற்கு எந்த அளவுகோலில் மதிப்பெண் இடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் இரண்டாம் கட்டச் சோதனைக்கு இடம் பரிந்துரைக்கச் சொன்னார்கள். மூன்று இடங்கள், மூன்றாவது மார்சிலிங். பயன்படுத்துவோர் எண்ணிக்கை, குழாயின் வயது, அணுகும் வசதி என்று பிரித்து மதிப்பிட்டேன். மார்சிலிங் கடைசியாக வந்தது. எண்ணிக்கைக்குத் தந்த முக்கியத்துவத்தைக் கொஞ்சம் குறைத்தால் இரண்டாவதாக வந்தது. அணுகும் வசதியை எடுத்துவிட்டால் முதலாவது. ஒரு மதியம் முழுக்க எண்களை இப்படி நகர்த்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. பின்னர் எல்லாவற்றையும் பழையபடி வைத்து, மார்சிலிங்கைக் கடைசியாகவே போட்டு அனுப்பினேன்.

அனுப்பிய பிறகு என்னிடம் எந்தச் சாக்கும் மிச்சமில்லை என்பது புரிந்தது. அவரிடம் பேச வேண்டுமென்றால் வால்வு இல்லாமல்தான் பேச வேண்டும்.

சனிக்கிழமை காலை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசையருகே உட்கார்ந்தேன். பேச வேண்டியவற்றை எழுதிக்கொள்ளவில்லை. எண்ணை அழுத்தினேன். ஐந்தாவது மணியில் எடுத்தார். பின்னால் தண்ணீர் பலமாக ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க மேடம்," என்றார், சத்தத்துக்கு மேலே. "எந்த யூனிட்டு?"

"எந்த யூனிட்டும் இல்ல," என்றேன்.

அவர் குழாயை மூடினார்.