காட்டுப்பாக்கத்தில் ஒவ்வொரு கரண்டி

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து காட்டுப்பாக்கம் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. தொண்ணூற்று இரண்டாம் வருடம் பங்குனியில், ஒரு புதன்கிழமை, அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

காரணம் பொறாமைதான். மாதம் ஒரு சனிக்கிழமை அவர் தொழிற்சாலை நண்பர்களோடு அங்கே கன்னியம்மா கடைக்குப் போவார். வந்த பிறகு இரண்டு நாளைக்கு அதே பேச்சு. "ரசம்னா அது ரசம்!" என்பார். நான் போடுவதை ரேடியோவில் செய்தி கேட்டபடியே சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகிறவர் அவர். அந்த அம்மாள் அப்படி என்னதான் போடுகிறாள் என்று பார்த்துவிட வேண்டும்போல் இருந்தது.

காலை பத்தரைக்குப் பக்கத்து வீட்டு ஜெயமணியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பருத்திப்பட்டு தாண்டும்வரை முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தேன்.

"என்னக்கா, வீட்டை விட்டு ஓடிப்போற பொண்ணு மாதிரி பண்றீங்க? சோறு திங்கத்தானே போறோம்" என்று சிரித்தாள் ஜெயமணி.

கரையான்சாவடியில் இறங்கி, போரூர் பஸ் மாறினோம். காட்டுப்பாக்கத்தில் இறங்கும்போது வழி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள்தான் கண்டக்டரிடம் கேட்டாள்.

"கன்னிமா கடையா? சைக்கிள் கடைக்குப் பின்னால கீது. சீக்கிரம் போங்க, எட்டு பேரு குந்திட்டா கதவ சாத்திடும்."

ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறை. எதிரெதிராக இரண்டு பெஞ்சு. ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். பெயர்ப்பலகையும் இல்லை, என்ன வேண்டும் என்று கேட்பாரும் இல்லை. அந்த மாதம் தோட்டத்திலும் ஏரியிலும் எது கிடைக்கிறதோ அதுதான் சமையல். முதல் சுற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மட்டும் வைப்பாள். எல்லாவற்றையும் ருசி பார்த்த பிறகு, பிடித்த ஒன்றை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது மட்டும் சோற்றோடு வேண்டிய மட்டும் வரும்.

கன்னியம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அழகிதான். அதையும் எழுதிவிடுகிறேன்.

மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தை முதலில் வந்தது. பிறகு முருங்கைப்பூப் பொரியல். செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் இறங்கும் மாதம் என்பதால் கெண்டை மீன் வறுவல், அதன்பின் ஒரு கிண்ணம் வேப்பம்பூ ரசம். குறை சொல்ல எதையாவது தேடினேன். கிடைக்கவில்லை.

கடைசியாக வெள்ளையாக ஒரு கூட்டு வைத்தாள். "இது இன்னான்னு சொல்லுங்க பாப்பம்" என்று கரண்டியோடு நின்றாள்.

"சொரக்கா" என்றார் ஒரு லாரிக்காரர்.

"நைனா, நாலு மாசமா சொரக்காவே தின்னுகினு கீற. உனக்கு எல்லாமே சொரக்காதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் பூசணி என்றார், இன்னொருவர் வெள்ளரி என்றார். எனக்கு வாயில் வைத்தவுடனே தெரிந்துவிட்டது. தர்பூசணியின் பச்சைத் தோலைச் சீவிவிட்டு, நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியில் செய்த கூட்டு. எல்லோரும் குப்பையில் போடுவதை, மாதக் கடைசியில் காய் வாங்க முடியாமல் நானாகச் செய்து பார்த்தது. அதே பாசிப்பருப்பு, அதே சோம்பு. மாங்காய்த் துண்டு மட்டும் இவள் சேர்த்திருந்தாள். அதனால் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"தர்பூசணி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கன்னியம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"அட்றா சக்க! எப்டிக்கா கண்டுபுட்ச்ச? ஆவடில கீற ஒரு அண்ணாத்தே சொல்லிக் குடுத்தாரு. அவரே ரோசன பண்ணி கண்டுபுட்ச்சாராம். இன்னா மூள பாரு!"

ஜெயமணிக்குப் புரைக்கேறியது. என் கூட்டை எத்தனையோ முறை சாப்பிட்டவள் அவள். வாயைத் திறக்கப் போனவளின் தொடையைக் கிள்ளினேன்.

பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கூட்டு, கூட்டு, கூட்டு. லாரிக்காரர், "என் ஊட்லயும் இத செய்யச் சொல்லணும்" என்றார். என் முறை வந்தது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. "ரசம்" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜெயமணி சிரித்துச் சிரித்துத் தூங்கிப்போனாள். கன்னியம்மாவுடைய அழகும், ஏன், கைப்பக்குவமும்கூட அவ்வளவாக உறுத்தவில்லை. கரண்டியோடு நின்று "எது வேணும்?" என்று அவள் கேட்கிறாள், எட்டுப் பேர் தலைநிமிர்ந்து பதில் சொல்கிறார்கள். அந்த நிமிஷத்துக்குத்தான் வயிறு எரிந்தது. என் வீட்டில் என்னை யாரும் பார்த்துச் சொன்னதில்லை. நானும் நின்று கேட்டதில்லை.

அன்று ராத்திரி அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு கரண்டி மட்டும் வைத்துவிட்டு ரேடியோவை நிறுத்தினேன்.

"மத்தியானம் காட்டுப்பாக்கம் போயிருந்தேன்."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எது வேணும்? வாயால சொன்னாத்தான் போடுவேன்."

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "அந்த... தர்பூசணிக் கூட்டு இருக்கா?"

"இல்ல. நீங்க கண்டுபிடிச்சதுதானே? நாளைக்கு நீங்களே செய்யுங்க. எனக்கு ஒரு கரண்டி வைங்க, நல்லா இருந்தா சொல்றேன்."