இலுப்பை மரத்தைப் பற்றி நைனா சொன்னது

நாங்கள் நைனா என்று கூப்பிடும் எங்கள் அப்பா ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் பிறந்து, இளம் வயதிலேயே தாயை இழந்து, திருத்தணி மலையடிவாரத்தில் நிலம் வாங்கிக் குடியேறியவர். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் ஊரே திண்டாடியபோது, எங்கள் நிலத்து இலுப்பைக் கொட்டையைச் செக்கில் ஆட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் எண்ணெய் கொடுத்தார். ஆடிக் கிருத்திகைக்கு ஒரு செம்பு எண்ணெய் மலைக் கோயிலுக்குப் போகும்.

நைனாவுக்கு 'முடியாது' என்ற சொல் மட்டும் வாயில் வராது. பெட்ரோல் கிடைக்காமல் கரியில் பஸ் ஓடிய நாளில், அந்த மரத்தைக் கேட்டு வந்த கரி வியாபாரியிடம், "ஆங், ஆவட்டும்ங்க" என்றார். மரத்தை விட்டுவிடாதீர்கள் என்று வந்த கோயில்காரரிடமும் அதையே சொன்னார். இருவரும் சந்தோஷமாகத் திரும்பினார்கள். நாங்கள்தான் திருதிருவென்று விழித்தோம்.

சென்ற தை மாதம் நைனா படுக்கையில் விழுந்தார். அண்ணன் வீடு கட்ட உத்தரத்துக்கு மரம் தேடிக்கொண்டிருந்தார். அவர் கேட்டதற்கு, "அந்த இலுப்பைய வெட்டிக்கடா" என்றாராம் நைனா. அன்று சாயங்காலமே நான் அழுதுகொண்டு போய்க் கேட்டேன். "மரத்து மேல யாரும் கை வெக்கக்கூடாதும்மா" என்றார். என் காதால் கேட்டது அது. அண்ணனோ கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறார். மறுநாள் நைனா போய்விட்டார். எந்தப் பேச்சை நம்புவது? ஒரு வருஷமாக யோசித்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அண்ணனும் நானும் முகம் கொடுத்துப் பேசுவதும் நின்றுபோயிற்று.

நைனாவின் முதலாண்டு நினைவுக்கு எழுதும் இந்தக் கட்டுரைக்காகத்தான், அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டேன். அண்ணனும் இருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் மரம் மரம்னு கேட்டுகினே இருந்தீங்க. ஆளுக்குத் தக்கன சொல்லிட்டாரு. எங்கிட்ட மரத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. வாய் கசக்குது, இலுப்பைப் பூ வறுத்துக் குடுன்னாரு. தை மாசத்துல பூவுக்கு நான் எங்க போவேன்?" என்று அம்மா அழுதார். பங்குனியில் உதிர்ந்த பூவைப் பொறுக்கி உலர்த்தி, முதலாண்டுப் படையலுக்கென்று பானையில் வைத்திருக்கிறார்.

அண்ணன் பானையைத் திறந்து பார்த்தார்.

"அடுத்த வருஷத்துக்கும் பத்துமாம்மா?"

"அது எப்டிடா பத்தும்? மரம் இருந்தா உதிரும்."

அண்ணன் பானையை மூடி வைத்தார். உத்தரத்துக்கு வேறு மரம் பார்க்க மணவூர் போயிருக்கிறார்.

டாக்டரை அரக்கோணத்திலிருந்து தம் மோட்டாரில் அழைத்துவந்த மெக்கானிக் பாய்க்கும், நைனாவைத் தோளில் சுமந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனுக்கும் என் நன்றி. நைனா நிஜமாகவே மரத்தை அவருக்குத்தான் கொடுத்தாரோ என்னவோ.