நிலாவுக்கு மேலே 2160 மைல்

செல்வம், ராணி, உங்கள் அப்பா ஏழாவது வரை படித்தவன். எனக்குப் புரிந்த விதத்தில் இதை எழுதுகிறேன்.

மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த மறுவருஷம். மலாக்கா டவுனில் நில அளவை ஆபீஸ் ஒன்றில் நான் செயின்மேன். அளவுச் சங்கிலி இழுப்பவன். செல்வம் அப்போது அம்மா வயிற்றில். வரைபடம் எடுக்கும் டிரேசர் வேலை ஒன்று காலியானது. வெயிலில் அலைய வேண்டாம், சம்பளமும் கூட. போட்டிக்கு இரண்டே பேர்: நானும், காஜா பெராங் கம்போங் செட்டியைச் சேர்ந்த முத்துப் பிள்ளையும். அவர் தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊன்றிவிட்ட மலாக்கா செட்டி; வீட்டில் தமிழ் கிடையாது. எங்கள் பேச்சு மலாயில்தான்.

பரீட்சை வைத்தவர் சீஃப் சர்வேயர் நடேசன். ரஷ்யாக்காரன் வானத்தில் உருண்டை விட்டதிலிருந்து அவருக்கு அதே பைத்தியம். கடைசிக் கேள்வி: நிலாவின் ஆரம் 1080 மைல். அதன் தரையில் ஈர்ப்பு முடுக்கம் அடிக் கணக்கில் 5.3. தரைக்கு மேலே 2160 மைலில் எவ்வளவு?

தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நாலில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. இது எனக்குத் தெரியும். 2160 என்பது 1080-இன் இரண்டு மடங்கு. நாலால் வகுத்து 1.3 என்று எழுதினேன். நடேசன் சரி போட்டார். பிள்ளை ஒன்பதால் வகுத்து 0.59 எழுதியிருந்தார். அதற்குத் தப்பு. அந்த ஒரு கேள்வியில் வேலை எனக்கு என்றாயிற்று.

மறுநாள் காப்பிக் கடையில் பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாலா லா, அபாங்," என்றார். தப்பு அண்ணே என்கிறார். "உங்க வழியிலேயே 1080 மைல் உயரத்துக்குப் போடுங்க, பாப்போம்."

போட்டேன். 5.3 வந்தது. தரையில் இருந்த அதே எண்.

"ஆயிரம் மைல் ஏறியும் துளிகூடக் குறையலையா? நிலா என்ன, உங்க மாமியாரா? எவ்வளவு தூரம் போனாலும் விடாம பிடிச்சிருக்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலாவின் நடு மையத்திலிருந்து தூரத்தை எடுக்க வேண்டும். ஆரத்தையும் சேர்த்தால் மூன்று மடங்கு. உயரமென்றால் தரையிலிருந்தே அளந்து பழகிய கை, நிலாவிலும் அப்படியே அளந்துவிட்டது. நடேசன் கையும் அதே கைதான்.

பிள்ளை யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. நானும் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நடேசன் மேசை முன்னால் போய் நின்று, வேலை பிள்ளைக்குத்தான் சேரணும் என்றேன்.

"ஏன்யா, வர்ற லட்சுமிய எட்டி உதைக்கிற? வீட்ல புள்ளத்தாச்சி இருக்கால்ல?"

"இருக்காங்க சார். ஆனா கணக்கு தப்பு சார்."

பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தார். "நானும் தரையிலேர்ந்துதான்யா அளந்துட்டேன்," என்றார்.

வேலை பிள்ளைக்குப் போயிற்று. இன்னும் ஐந்து வருஷம் நான் குருபோங் ரப்பர்க் காட்டில் அட்டைக்கடியோடு சங்கிலி இழுத்தேன்.

பிள்ளைகளே, எதை அளந்தாலும், எங்கிருந்து அளக்கிறோம் என்று முதலில் கேளுங்கள். மேலதிகாரி சரி போட்டுவிட்டார் என்பது அதற்குப் பதில் ஆகாது.

நடேசனிடம் சொன்ன அன்று சாயங்காலம் எல்லாரும் போனபிறகு, ஸ்டோரில் தனியாக உட்கார்ந்து 1080-உடன் 2160-ஐக் கூட்டினேன். 3240. முதலிலிருந்து ஒரு வரியும் விடாமல் போட்டு, ஒன்பதால் வகுத்து, 0.59-க்கு அடியில் ஒரு கோடு இழுத்தேன்.