இழுத்தால் நீளும் கயிறு

கயிறு கொடுக்கும் வேலைக்கு வந்தவன், கயிற்றைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களோடுதான் காலம் பூராவும் குப்பை கொட்ட வேண்டும். எண்பதுகளில் ஏற்காட்டில், கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாறை ஏறப் பழக்கிய ஒரு முகாமில் நான் ஸ்டோர் கீப்பர். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் வாயில் விழுகிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

கிணற்று நிபுணர்

சேலத்திலிருந்து மாணவர்களைக் கூட்டிவந்த பேராசிரியர் ஒருவர், பஸ் கூரையிலிருந்து தேங்காய் நார்க் கயிறு ஒன்றை இறக்கினார். "நார்க் கயிறு நீளாதுங்க சார். விழறவனை வெடுக்குனு நிறுத்தி இடுப்பை ஒடிச்சுப்போடும். நைலான்னா கொஞ்சம் நீண்டு குடுத்து மெதுவா தாங்குமுங்க" என்றேன். எவ்வளவு பொறுமை! எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, எங்க ஊட்டுக் கிணத்துல இருபது வருசமா இதே கயிறுதான். ஒரு குடமாச்சும் இடுப்பு வலிக்குதுன்னு சொல்லியிருக்குமுங்களா?"

குறையுள்ள சரக்கு

எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு நல்ல நைலான் கயிறு வந்தது. ஒன்றே ஒன்று. உள்ளே வெள்ளை இழைகள், மேலே சிவப்பாகப் பின்னிய உறை. பிள்ளைகளின் உயிரை நம்பிக் கொடுக்க என்னிடம் இருந்தது அது மட்டும்தான்.

எங்கள் செயலாளர் நாகலூரில் காபி எஸ்டேட் வைத்திருந்தவர். பாறையை ஜீப்பில் உட்கார்ந்தபடியே பார்த்துப் பழக்கம். கயிற்றைத் தூணில் கட்டி, நாலு ஆட்களை விட்டு இழுக்கச் சொன்னார். அது கொஞ்சம் நீண்டது. அவர் முகம் தொங்கிவிட்டது.

"நல்லா ஏமாத்திட்டானுங்க. இழுத்தா நீளுது பாருங்க, ஜட்டி எலாஸ்டிக்காட்டம்! திருப்பி அனுப்பிப்போடுங்க."

லாரிக்கு வந்த வாழ்வு

சாக்குச் சொல்லிச் சொல்லி அனுப்பாமல் காப்பாற்றினேன். அப்புறம் தங்கச்சி கல்யாணத்துக்காக ரெண்டு நாள் கீழே இறங்கினேன். சாவி செயலாளரிடம். திரும்பி வந்தால் கயிறு என்றைக்கும் இல்லாத பளபளப்போடு இருந்தது. தூக்கினேன், சுருளுக்குள்ளிருந்து ஒரு காபிக் கொட்டை உருண்டு விழுந்தது.

செயலாளரின் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மாரப்பனைப் பிடித்து உலுக்கினேன். குப்பனூர் ரோட்டு வளைவில் அவர்கள் லாரி பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். நம் கயிற்றைப் பாறை விளிம்பில் போட்டு இழுத்தார்களாம். சேறானதால் சோப்புப் போட்டுத் துவைத்து, காபி காயும் களத்திலேயே உலர்த்தினார்களாம். அடப்பாவிகளா!

மாரப்பனுக்கோ பெருமை தாங்கவில்லை. "நொம்பத் தங்கமான கயிறுங்க. மூட்டையோட லாரியவே தூக்கிருச்சு. இந்தப் புள்ளைங்க எம்மாத்திரமுங்க?"

கவாத்துக் கத்தி

இதை விசாரித்துக்கொண்டு நிற்பதற்குள் கயிறு பாறையடிக்குப் போய்விட்டது. பின்னாலேயே ஓடினேன். செயலாளர் வெளியூர் விருந்தாளிகளோடு நாற்காலியில் இருந்தார். முதலில் ஏற வேண்டிய கோமதி என்ற மாணவி கயிற்றை இடுப்பில் கட்டிவிட்டாள். நான் மீதிக் கயிற்றை விரலால் அமுக்கிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி மடங்கியது.

"இது வேண்டாமுங்க" என்றேன்.

"வெளியூர்க்காரங்க முன்னால மானத்த வாங்காதீங்க. போய் உங்க வேலையப் பாருங்க" என்றார் செயலாளர்.

என் வேலையே அதுதானே! புதர் வெட்டிக்கொண்டிருந்த ஆளிடமிருந்து கவாத்துக் கத்தியைப் பிடுங்கி, அந்த இடத்திலேயே ஒரு போடு போட்டேன். சிவப்பு உறைக்குள் பாதி இழைகள் ஏற்கெனவே அறுந்து பஞ்சாகிக் கிடந்தன. கோமதி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

செயலாளர் எழுந்து வந்தார். வெட்டின துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, கெட்ட எடந்தான் போயிருச்சே. மீதியில ஏறு கண்ணு" என்றார்.

கோமதி இடுப்பு முடிச்சை அவிழ்த்து அவர் கையில் வைத்தாள். "நீங்க முதல்ல ஏறிக் காட்டுங்க சார், நான் கீழ நின்னு புடிச்சுக்கறேன்."

அன்றைக்கு ஒருவரும் ஏறவில்லை. கயிற்றின் மீதியில் மாரப்பன் தன் வீட்டு ஆட்டைக் கட்டினான், அந்த மலையிலேயே வெளிநாட்டுப் பாதுகாப்போடு வாழ்ந்த ஒரே ஜீவன் அதுதான்.