நான் போகாத வீட்டில் என் கையெழுத்து

ஜின் அடித்தது, பேய் பிடித்தது என்று யாராவது வந்தால், முதலில் பிரஷரைப் பார்ப்போம் வாங்க என்று இழுத்துக்கொண்டு போகிற ஆள் நான். நிந்தவூர்ப் பக்கம் பதினெட்டு வருடமாக மருத்துவிச்சி வேலை, இந்தக் கதைகளோடு சண்டை பிடித்தே என் தொண்டை போய்விட்டது. இப்போது நானே ஒன்று சொல்லப்போகிறேன், சிரிப்பதென்றால் சிரியுங்கள், நடந்தது நடந்ததுதான்.

இரண்டு மாரிக்கு முந்தி. வயலோரத்துக் கடைசி ஒழுங்கையில் றிபாயா வீடு, அவளுக்குத் தலைப்பிள்ளை, எட்டு மாதம். அன்று அவளைப் பார்க்கப் போகவேண்டிய நாள். ஒழுங்கையில் முழங்காலுக்கு மேலே வெள்ளம் என்றார்கள், சரி நாளைக்குப் போவோம் என்று இருந்துவிட்டேன், அதற்கு இன்றும் என்னை நானே ஏசிக்கொள்கிறேன். காலையிலிருந்து நாலு மணி வரை அலுவலகத்தை விட்டு நான் வெளியே போகவில்லை. கூட மூன்று பேர் இருந்தார்கள். பிரஷர் கருவியும் என் மேசையில்தான் கிடந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து டொக்டர் போன் எடுத்தார். "றிபாயாவ நல்ல நேரத்துல அனுப்பினீங்க மிஸ், பிந்தியிருந்தா வலிப்பு வந்து தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல."

நான் யாரையும் அனுப்பவில்லையே! ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் றிபாயாவின் கர்ப்பிணி அட்டையை வாங்கிப் பார்த்தால், முதல் நாள் திகதி போட்டு, பிரஷர் 170/110, உடனே ஆஸ்பத்திரிக்கு, கீழே என் கையெழுத்து. ஏழின் நடுவில் நான் போடுகிற சின்னக் கோடு உட்பட, நம்புங்கள், எல்லாம் நான்தான்.

அவளுடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்கதானே மிஸ் பகல் வந்த? நனைஞ்சுபோய் நிண்டீங்க, தேத்தண்ணி ஊத்தட்டா எண்டு கேட்டன், ஒண்டும் கதைக்கல்ல. இவள்ட தலையிடியக் கண்ணூறு எண்டு நெனச்சி பள்ளி லெப்பைக்கிட்ட ஓதப் போகத்தான் வெளிக்கிட்டம். நீங்க எழுதினதக் கண்டுதான் டிரக்டர்ல ஏத்தின."

பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என் வேலையை என்னை விட ஒழுங்காகச் செய்தது யார்?

வரவுப் பதிவேட்டில் நான் அலுவலகத்தில், அட்டையில் நான் றிபாயா வீட்டில். மேலதிகாரி மிஸ் கூப்பிட்டார். "போனன் எண்டு எழுதித் தாங்க, கதை முடிஞ்சிது. இல்லாட்டி வேலைக்கு ஆபத்து."

"போகாத வீட்டுக்குப் போனன் எண்டு எழுதமாட்டன் மிஸ். கையெழுத்து என்ட இல்ல எண்டும் எழுதமாட்டன். வேலை போனா போகட்டும்."

அந்த இரண்டையும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். இன்று வரை அதற்குப் பதில் இல்லை, வேலையும் போகவில்லை.

அட்டையில் இன்னொன்றும் இருந்தது. 'அடுத்த வருகை' என்ற கட்டத்தில் இரண்டு வருடம் தள்ளி ஒரு டிசம்பர்த் திகதி. அவசரத்தில் வருடம் பிழைத்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன்.

இப்போது றிபாயா இரண்டாவது பிள்ளையைச் சுமக்கிறாள். அந்தத் திகதி அவளுக்கு ஒன்பதாம் மாதத்தில் விழுகிறது, அதற்கு இன்னும் பத்தொன்பது நாள். கணக்குப் பார்த்த அன்றே அந்தத் திகதியை என் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்துவிட்டேன். வெள்ளம் கழுத்தளவு வந்தாலும் சரி, அன்று சுபஹ் தொழுகையோடு நான் அந்த வீட்டில் இருப்பேன், கருவியோடு இருப்பேன். வருகிறவள் வரட்டும். அட்டையில் நான்தான் எழுதுவேன்.